வரலாறு இல்லாதவர்களின் வாத்தியார்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நட்டல்பர்க் என்று ஒரு ஊர். அந்தக் காலத்தில் மலையைக் குடைந்து நிலக்கரி வெட்டின ஊர். 1890களில் அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு கறுப்பினத் தொழிலாளி இருந்தார். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் கலந்துகொண்ட பழைய சிப்பாய். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் புத்தகம் இருந்தது. கறுப்பர்கள் எழுதிய புத்தகம், கறுப்பர்கள் நடத்திய பத்திரிகை என்று கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கிப் போடுவார். குழியிலிருந்து கரி படிந்த உடம்போடு மேலே வருகிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு அந்த வீடுதான் திண்ணை, டீக்கடை எல்லாம். பழமும் ஐஸ்கிரீமும் விற்றிருக்கிறார்.

அந்தச் சுரங்கத்துக்குப் பதினாறு பதினேழு வயசில் ஒரு பையன் வேலைக்கு வந்தான். பையனுக்குப் படிக்கத் தெரியும் என்று ஜோன்சுக்குத் தெரிந்துபோச்சு. ஒரு ஒப்பந்தம் போட்டார். பழம், ஐஸ்கிரீம் எதற்கும் காசு தரவேண்டாம், வேண்டிய மட்டும் தின்னலாம். பதிலுக்கு சாயங்காலம் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டவேண்டும். பையன் படித்தான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள், போரில் நின்றவர்கள். ஒரு வரி படித்தால் அதிலிருந்து அவர்கள் பத்துக் கதை சொல்லுவார்கள். பேப்பரில் போட்டிருக்கிறது சரியா, நாங்க பார்த்தது சரியா என்று சண்டை வரும்.

அந்தப் பையன்தான் கார்ட்டர் ஜி. வுட்சன். பின்னால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர், பேராசிரியர், டீன், கறுப்பின வரலாற்றின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். 1944இல், அறுபத்தெட்டு வயசில், இந்த ஜோன்ஸ் வீட்டைப் பற்றி அவரே எழுதினார். வரலாற்றில் தனக்கு ஆர்வம் வந்ததே அந்த வீட்டில்தான் என்று அவர் சொல்லவந்ததை, படிக்கத் தெரியாத ஒருவரிடம் வரலாறு படித்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எனக்கு இந்தக் கதை முதலில் கிடைத்தபோது தூக்கம் வரவில்லை. காரணம் எங்க தாத்தா. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். லைன் வீட்டு வாசலில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு, அவங்க அப்பாவுக்கும் அக்கம்பக்கத்து ஆட்களுக்கும் பத்திரிகை படித்துக்காட்டியதாகச் சொல்லுவார். "நான் படிப்பேன், அவுங்க சுருட்டு புடிச்சிகினே கேப்பாங்க. தப்பா படிச்சா மண்டையில ஒண்ணு உழும்." என்ன பத்திரிகை தாத்தா என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. 'தமிழன்' ஆக இருக்கலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய பத்திரிகை, அவர் 1914இல் போன பிறகு 1920களில் கோலாரிலிருந்து மறுபடியும் வந்தது. ஆக இருக்கலாம் என்றுதான் சொல்லமுடியும். ஏனென்றால் தாத்தா ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதம் வைத்திருந்தார். நான் கல்லூரிக்குப் போய்த் திரும்பி, தலித் வரலாறு, ஆவணம் என்றெல்லாம் பேசக் கற்றுக்கொண்டு வந்து பெட்டியைத் தேடினபோது, அத்தை சொல்லிச்சு: "அதுவா, கறையான் புடிச்சி கெடந்துதுன்னு பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டமே." பெட்டியோடு சேர்த்து.

சரி, வுட்சனுக்கு வருவோம்.

1875 டிசம்பரில் வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்து விடுதலை அடைந்தவர்கள். அப்பா தச்சர், படிக்கத் தெரியாது. ஜோன்ஸ் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அப்பாவுக்குப் பேப்பர் படித்துக்காட்டிப் பழக்கப்பட்ட பையன்தான். வருஷத்தில் நாலு மாசம் மட்டும் நடக்கிற பள்ளிக்கூடம். வாத்தியார்கள் இரண்டு தாய்மாமன்கள். மற்ற மாசமெல்லாம் காட்டுவேலை. அதற்கப்புறம் சுரங்கம். உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்தது இருபது வயசில். நான்கு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்துக்குள் முடித்தார். கென்டக்கியில் பெரீயா கல்லூரி என்று கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படிக்கிற கல்லூரி இருந்தது. அங்கே 1903இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே, இரண்டு நிறத்தாரும் ஒரே வகுப்பில் உட்காரக்கூடாது என்று கென்டக்கி சட்டம் போட்டுவிட்டது. கதவு சாத்துவதற்குள் வெளியே வந்த ஆள்.

பட்டம் வாங்கின கையோடு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு ஆசிரியராகப் போனார். அமெரிக்கா அப்போதுதான் அந்தத் தீவுகளைப் பிடித்திருந்த நேரம். அங்கே பார்த்த ஒரு விஷயத்தை முப்பது வருஷம் கழித்து எழுதுகிறார். பெரிய பெரிய பட்டம் வாங்கிய அமெரிக்க வாத்தியார்கள் வந்து தோற்றுப்போனார்கள். காரணம், ஆப்பிள் மரத்தையே பார்க்காத பிள்ளைகளிடம் ஆப்பிள் மரப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்வியியல் எதுவும் படிக்காத ஒரு இன்சூரன்ஸ்காரர் வந்தார். ஆப்பிளைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்த ஊர் லொம்பாய் மரத்தை வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பாடினார்கள். வாஷிங்டன் கதைக்குப் பதிலாக அவர்களுடைய ஹோசே ரிசால் கதையைச் சொன்னார். பிள்ளைகள் கேட்டார்கள். லொம்பாய் என்றால் என்ன என்று தேடிப்பார்த்தேன். நம்ம நாவல் மரம்.

இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். சேரிப் பிள்ளைகளுக்கு நாம் எந்த மரத்தைக் காட்டிப் படிப்புச் சொல்லித்தருகிறோம்? ஆப்பிள் மரம் வேண்டாம். பாடப்புத்தகத்தில் வருகிற ஊர்க்குளம், ஊர்க்கோயில், ஊர்த்தேர். அந்தக் குளத்தில் இறங்கியிருக்கிறோமா? அந்தத் தேர் நம் தெருவுக்குள் வந்திருக்கிறதா? நம் பிள்ளைக்கும் அது ஆப்பிள் மரம்தான்.

ஹார்வர்டில் 1912இல் பட்டம். டு போய்சுக்குப் பிறகு அங்கே வரலாற்றில் முனைவர் ஆன இரண்டாவது கறுப்பர். டு போய்ஸ் சுதந்திரமான குடும்பத்தில் பிறந்தவர். வுட்சன் அடிமைகளின் பிள்ளை. அந்த ஹார்வர்டில் நீக்ரோவுக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது என்று ஒரு பேராசிரியர் சொன்னதாக அவர் கதையில் எப்போதும் வரும். (நீக்ரோ என்ற சொல்லை அவர்கள் இன்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் மரியாதைச் சொல். அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடவேண்டும் என்பதற்கே வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். நூல் பெயர்களில் இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

இந்தப் பேச்சைக் கேட்க ஹார்வர்டு வரைக்கும் போகவேண்டியதில்லை. எம்.ஏ. தமிழில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். எங்க பகுதிச் சேரிகளில் வழங்குகிற வாய்மொழிக் கதைகளை வைத்து ஒரு வரலாறு எழுதலாம் என்றேன். நெறியாளர் நல்ல மனுஷர், திட்டவெல்லாம் இல்லை. சிரித்தார். "அதுக்கெல்லாம் சான்று ஏதுப்பா? திருக்குறள்ல ஏதாவது எடுத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். சீக்கிரம்தான் முடிந்தது. அந்த ஆய்வேட்டை இதுவரை ஒருத்தரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள், நான் உள்பட.

வுட்சன் அப்படி விட்டுவிடவில்லை. வாஷிங்டன் நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் வரலாறும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வேலை. அந்தச் சம்பளத்தில் இருந்துகொண்டே 1915 செப்டம்பரில் சிகாகோவில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து நீக்ரோ வாழ்வையும் வரலாற்றையும் ஆய்வதற்கான சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். நாலு மாசம் கழித்து 1916 ஜனவரியில் 'நீக்ரோ வரலாற்று இதழ்' வெளியே வந்தது. சங்கத்தில் மற்றவர்களைக் கலந்துகொள்ளவில்லை. கைக்காசைப் போட்டு அடித்துக் கொண்டுவந்துவிட்டார். இவரைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று ஒருவர் ராஜினாமா செய்தார். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. ஆனால் நம் பத்திரிகைகள் பல மூன்றாவது இதழில் மூச்சை விடும். அது இன்னும் வருகிறது. 2002இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

பல்கலைக்கழகத்திலும் கொஞ்சநாள் இருந்தார். 1919இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் டீன். கறுப்பர்களுக்கான பல்கலைக்கழகம், ஆனால் தலைவர் நாற்காலியில் வெள்ளைக்காரர். இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. ஒரு வருஷத்தில் வெளியே. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம். 1922க்குப் பிறகு எந்தக் கல்லூரி வேலைக்கும் போகவில்லை. வாஷிங்டனில் ஒன்பதாவது தெருவில், 1538 எண்ணுள்ள மூன்றடுக்கு வீட்டை வாங்கினார். அதுதான் அலுவலகம், அதுதான் பதிப்பகம், அதுதான் புத்தகக் கிடங்கு, மேல் மாடியில் அவர் படுக்கிற அறை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சாகும்வரை, 1950 ஏப்ரல் 3 வரைக்கும், இருபத்தெட்டு வருஷம் அந்த வீடு.

என்ன செய்தார் அந்த வீட்டில்? காகிதம் சேர்த்தார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சான்று இல்லை என்கிறாயா, இந்தா என்று தேட ஆரம்பித்தார். அடிமை விற்ற ரசீது, விடுதலைப் பத்திரம், திருச்சபைப் பதிவேடு, பழைய கடிதம், போட்டோ. வீட்டுப் பெட்டிகளில் என்ன கிடந்தாலும் அனுப்புங்கள் என்று இதழ் வழியாகக் கேட்டார். சேர்ந்த ஆயிரக்கணக்கான ஆவணங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார். 1800இலிருந்து 1860 வரைக்கும் கறுப்பர்கள் எழுதிய கடிதங்களைத் தேடிப்பிடித்து 1926இல் ஒரு தடித்த தொகுப்பாகப் போட்டார். கறுப்பனுக்கு மனசு என்று ஒன்று உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவன் கைப்பட எழுதியதை அச்சில் காட்டினார்.

இன்னொரு வேலை, அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கு. 1830ஆம் வருஷத்துக் கணக்கேட்டில் சுதந்திரமாக இருந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்களை ஒன்று ஒன்றாக எழுதி எடுக்கச் செய்தார். சுமார் 30,000 பெயர். அதை அகரவரிசைப்படுத்தும் வேலையைச் செய்தவர் யார் தெரியுமா? கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ். அப்போது பெயர் வெளியே தெரியாத இளைஞர். காலையில் அலுவலகத்தைத் திறப்பது, கூட்டுவது, புத்தகம் கட்டி அஞ்சலில் சேர்ப்பது, இரவில் கணப்படுப்பைக் கவனிப்பது, மெய்ப்புப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். கடைசியில் கண் வலிக்கிறது என்று வேலையை விட்டுவிட்டு ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கிற வேலைக்குப் போனார். முப்பதாயிரம் பெயருக்கு எச்சில் தட்டே தேவலாம் என்று தோன்றியிருக்கும். ஆனால் ஹ்யூஸ் பின்னால் வுட்சனைப் பற்றி மரியாதையோடுதான் எழுதினார். ஒருமுறை வுட்சன் வெளியூர் போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும் என்று நினைத்து ஊழியர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் நாளே மனுஷன் வந்து நிற்கிறார். யாரையும் வேலையை விட்டுத் துரத்தவில்லை. எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, வரலாற்றுக்கும் இனத்துக்கும் உங்கள் கடமை என்ன என்று நீளமாக ஒரு வகுப்பு எடுத்தாராம். துரத்தியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்!

இதோடு சேர்த்து வுட்சன் 1924இல் செய்த இன்னொரு காரியத்தை நம் தோழர்கள் கவனிக்கவேண்டும். அதே 1830 கணக்கிலிருந்து, கறுப்பர்களாக இருந்துகொண்டே அடிமை வைத்திருந்தவர்களின் பட்டியலையும் எடுத்து வெளியிட்டார். எதிரி கையில் சாட்டையை எடுத்துக் கொடுத்த மாதிரி அல்லவா? வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா, பார் நீயும்தானே வைத்திருந்தாய் என்று கேட்கமாட்டானா? கேட்டான், இன்றைக்கும் கேட்கிறான். ஆனாலும் போட்டார். அந்த அடிமைகளில் பலர், உரிமையாளர் என்று எழுதப்பட்டவரின் சொந்தப் பெண்டாட்டி, சொந்தப் பிள்ளை. காசு சேர்த்து வெள்ளைக்காரனிடமிருந்து விலைக்கு வாங்கியிருப்பான்; விடுதலைப் பத்திரம் எழுதினால் மாநிலத்தை விட்டே போகவேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து காகிதத்தில் அடிமையாகவே வைத்திருப்பான். இதை வுட்சன் விளக்கினார். அதே சமயம், லாபத்துக்காகவே அடிமை வைத்திருந்த கறுப்பர்களும் உண்டு என்பதை மறைக்கவும் இல்லை.

நமக்குள்ளே இந்தத் துணிச்சல் இருக்கிறதா? தலித் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பறையர் வரலாறு அல்லது பள்ளர் வரலாறு எழுதுகிறோம். ஒவ்வொரு சாதியும் முன்னொரு காலத்தில் அரசாண்டதாகப் பட்டயம் தேடுகிறோம். நம் தெருவிலிருந்து தள்ளி இன்னொரு தெரு இருந்ததே, அங்கே அருந்ததியர் குடியிருந்தார்களே, அவர்கள் வீட்டில் நாம் தண்ணி குடித்தோமா? இதை எந்தத் தாத்தாவிடமும் நான் கேட்டதில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுண்டிப்போனது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2024இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோதும் அதே முகம்தான். நமக்குச் சாதகமில்லாத காகிதத்தையும் அச்சில் போடுகிறவன்தான் வரலாற்றாசிரியன் என்றால், நம்மில் அந்தப் பெயருக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சி ஒரு பக்கம் என்றால், வாத்தியார் வேலையையும் அவர் விடவில்லை. வகுப்பறைதான் மாறிவிட்டது. 1926 பிப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' ஆரம்பித்தார். பிப்ரவரி இரண்டாவது வாரத்தை ஏன் எடுத்தார்? லிங்கன் பிறந்தநாள் 12, ஃப்ரெடரிக் டக்ளஸ் பிறந்தநாள் 14. இந்த இரண்டையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டு இருந்தார்கள். மக்கள் கூடியிருக்கிற இடத்தில் போய்ப் பாய் விரித்தார், அவ்வளவுதான். இதில் டக்ளஸ் அடிமையாகப் பிறந்தவர், பிறந்த தேதி தெரியாது. 14 என்பது அவராக வைத்துக்கொண்டது. எங்க அப்பாவுக்குப் பிறந்தநாள் ஜூன் 1. பெரியப்பாவுக்கும் ஜூன் 1. சித்தப்பாவுக்கும் அதேதான். மூன்று பேரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஹெட்மாஸ்டர் போட்ட தேதி!

அந்த வாரத்துக்கு வேண்டிய படங்கள், பாடங்கள், நாடகம், கேள்வி பதில் எல்லாவற்றையும் தயார் செய்து ஒன்பதாவது தெருவிலிருந்து பள்ளிகளுக்கு அனுப்பினார். 1937இலிருந்து பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனியாக ஒரு மாத இதழ். இதையெல்லாம் தோளில் சுமந்தவர்கள் யார் என்றால், தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆசிரியைகள். 1930களில் லூசியானாவில் ஒரு ஆசிரியை. மேசைமேல் அரசாங்கம் அனுப்பிய பாடக் குறிப்பு விரிந்திருக்கும். மடியில் வுட்சன் புத்தகம். மடியைப் பார்த்துப் படித்துக்கொண்டே பாடம் நடத்துவார். தலைமையாசிரியர் உள்ளே வந்தால் கண் மேசைக்கு ஏறும், வாய் அரசாங்கப் பாடத்தைச் சொல்லும். அவர் வெளியே போனால் கண் மறுபடி மடிக்கு இறங்கும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் பெரியவனாகி இதைச் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. வுட்சன் பெயர் நிலைத்தது. மடியில் புத்தகம் வைத்திருந்தவர்கள் பெயர் பாதி போச்சு.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். நம் இயக்கங்களில் இந்தக் கேள்வி வந்தால் கூட்டமே கலைந்துவிடும், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 1920களில் வெள்ளை முதலாளிகளின் அறக்கட்டளைகளிடம் வுட்சன் பணம் வாங்கினார். கார்னகியிடமும் வாங்கினார், ராக்ஃபெல்லர் குடும்பத்து நிதியிலிருந்தும் வாங்கினார். வாங்கவே இல்லை என்று புராணம் பாடவேண்டியதில்லை. பின்னால் அவர்கள், உன் சங்கத்தை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிடு என்றார்கள். மாட்டேன் என்றார். 1930களில் அந்தக் குழாய் நின்றது. பொருளாதார மந்தம் வேறு. அப்போது அவருடைய உதவியாளர் லொரன்சோ கிரீனும் சில மாணவர்களும் ஒரு ஃபோர்டு காரில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். சோத்துக்கே இல்லாத காலத்தில் வீடு வீடாகப் போய் வரலாற்றுப் புத்தகம் விற்பது! கிரீன் எழுதிய நாட்குறிப்பு நூலாக வந்திருக்கிறது. அதற்குப் பிறகு சங்கத்தை ஓட்டியது ஆசிரியர்களும் தபால்காரர்களும் திருச்சபைகளும் அனுப்பிய ஒரு டாலர், இரண்டு டாலர்.

தொண்டு நிறுவனப் பணத்தில் தலித் அரசியல் வளர்ந்ததா, வளர்ந்தது கெட்டதா என்று முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம். வுட்சன் கதையில் எனக்குத் தெரிகிற ஒரு விஷயம்: பணம் நின்றபோது வேலை நிற்கவில்லை. நம் பக்கத்தில் திட்டம் முடிந்த மறுநாளே நூலக அறைக்குப் பூட்டு விழுவதை நான் இரண்டு ஊரில் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பேட்டி எடுத்த கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

மனுஷன் ஒன்றும் சாந்தசொரூபி இல்லை. கடுகடுப்பானவர். கூட இருந்தவர்களில் பலர் அவரோடு சண்டைபோட்டுக்கொண்டு பிரிந்தார்கள். டு போய்ஸ் முன்கை எடுத்த கலைக்களஞ்சியத் திட்டத்தில் சேர மறுத்து, தான் தனியாக ஒன்று தயாரிக்க முனைந்தார். அது கடைசிவரை முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்கமுடியவில்லை. 1933இல் வெளிவந்த 'நீக்ரோவின் தவறான கல்வி' என்ற நூலில் படித்த கறுப்பர்களை அவர் போட்டு வாங்குகிற வாங்கு கொஞ்சநஞ்சமல்ல. படிக்கப் படிக்கத் தன் மக்களை விட்டுத் தூரம் போகிறான் என்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

சொந்த ஆசை என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிரெஞ்சு மொழி பிடிக்கும். 1930களில் கோடைக்காலம் வந்தால் பாரிஸ் போய்விடுவார். அங்கே நூலகம், நல்ல சாப்பாடு. வாஷிங்டனில் அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த பெரிய உணவகங்களில் கறுப்பன் உட்கார்ந்து சாப்பிடமுடியாது, பாரிசில் உட்காரலாம். அந்தக் கோடைப் பயணத்தை வெறும் ஆராய்ச்சி என்று மட்டும் என்னால் பார்க்கமுடியவில்லை. மற்ற நாட்களில் பக்கத்தில் இருந்த கறுப்பினப் பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ராத்திரிச் சாப்பாடு, திரும்பி வந்து வேலை. வரலாற்று வாரம் என்று ஒன்று தேவைப்படாத காலம் வரவேண்டும், கறுப்பர் வரலாறு வருஷம் முழுக்கப் பாடத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் அவர் விரும்பியது. 1976இல் வாரத்தை மாசம் ஆக்கினார்கள். வருஷம் ஆகவில்லை.

அயோத்திதாசர் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளியிட்டபோது, நமக்கு நூறு வருஷம் பின்னால் ஒரு கதவு திறந்தது. அந்த இதழ்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் தயவாலும் பிழைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்ததால் பிழைத்தன. காப்பாற்றாதவர் வீடுகளில் போனது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எங்க தாத்தா பெட்டி ஒன்று போனது எனக்குத் தெரியும். வரலாறு என்பது மேடையில் பெருமை பேசுவதற்கு மட்டும் இல்லை என்பதற்குப் பஞ்சமி நிலம் ஒன்று போதும். 1892இல் ஆங்கில அரசு ஒதுக்கிய நிலம் இது, எங்களுடையது என்று சொன்னால், கிராமத்து 'அ' பதிவேட்டைக் கொண்டு வா என்பார்கள். அதற்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஒரு காகிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் அவ்வளவு இருக்கிறது.

எங்க காலனியில் ராத்திரிப் பள்ளிப் பிள்ளைகளிடம் போன பொங்கலுக்குச் சொன்னேன்: வீட்டில் இருக்கிற பழைய காகிதம் எதுவானாலும் கொண்டுவாங்க, படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். பதினோரு காகிதம் வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை. கோலார் சுரங்கத்துத் தொழிற்சங்க ரசீது இரண்டு (தாத்தாவுடையது இல்லை, வேறு வீட்டுடையது). செல்லரித்துப்போன ஒரு பட்டா. இன்னும் சிலது என்னவென்றே படிக்க முடியவில்லை. ஒரு பெண் பிள்ளை அவங்க தாத்தாவுடைய நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். மேளத்துக்கு வாங்கின அட்வான்சுக் கணக்கு. எந்தத் தெரு, யார் வீட்டுச் சாவு, எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு பாக்கி. 1988 ஆவணி வரைக்கும் இருக்கிறது, அதற்கப்புறம் வெற்றுத் தாள்.

தாத்தா இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இதுக்கு மேல ஏன் எழுதல என்று கத்திக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதுக்கப்புறம் ஊருக்குப் போயி அடிக்கக்கூடாதுன்னு தெருவுல கூடிப் பேசினோம்ல. அதான்."

எந்த வருஷம் என்று கேட்டேன். அது ஞாபகமில்லை என்றார். நோட்டைக் காட்டினேன்.